கோட்டோரம் நின்றவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உனக்குக் காய்ச்சல் விட்டதையும், இன்னும் இரண்டு நாள் படு என்று சொன்னதைக் கேட்காமல் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டதையும் மருமகள் நேற்றே போனில் சொல்லிவிட்டாள். நான் நன்றாக இருக்கிறேன். எழுபத்துநாலு வயதில் கால்பந்தாட்டம் பார்க்க வெளிநாடு போகிற கிழவி நீங்கதான் என்று உன் மைத்துனன் வாசலில் நின்று சிரித்தான் அல்லவா, விமானத்தில் கால் வீங்கும், மூச்சு முட்டும் என்றானே, அவனிடம் சொல். காலும் வீங்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. எங்கள் வரிசையில் வாந்தி எடுத்தது அவன் வயதுக்காரன் ஒருத்தன்தான். பை பிடித்தது நான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் மகள் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, சிக்னல் இல்லை" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

முதலில் ஊரைச் சொல்கிறேன். நானும் உன் மகளும் தங்கியிருக்கிற ஓட்டல் அறை மூன்றாவது மாடி. எதிர்க்கட்டடத்தில் ஒரு பல் மருத்துவர். ஆட்கள் வாயைத் திறந்து படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே காலையில் காபி குடிக்கிறேன். முதல் நாள் ஆற்றில் படகு. மறுநாள் மணிக்கூண்டு. இருநூற்றுப் பதினாறு படி, எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறாவது படியில் உன் மகள், "போதும் பாட்டி, இறங்கிடலாம்" என்றாள். நீ வேண்டுமானால் இறங்குடி என்று விட்டேன். மேலே போய்ப் பார்த்தால் கடிகாரம் ஓடவில்லை, பழுது பார்க்கிறார்களாம். கீழே டிக்கெட் கொடுத்தவள் ஒரு வார்த்தை சொன்னாளா? அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் கைப்பிடிக் கம்பி ஓரமாகவே பக்கவாட்டில் ஓடிப் பழகினாள். முகம் ஆற்றைப் பார்த்தபடி, கால் மட்டும் நண்டு மாதிரி. ஊர் பார்க்க வந்தவர்கள் ஆற்றை விட்டுவிட்டு இவளைப் படம் எடுத்தார்கள். எதற்குடி இந்தக் கூத்து என்று கேட்டேன். கோட்டோரம் கொடி பிடிக்கிறவள் கண்ணைக் கடைசித் தடுப்பாட்டக்காரன்மேலேயே வைத்திருக்க வேண்டுமாம். அந்தப் பக்கம் பந்தை உதைக்கிற சத்தத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டுமாம். "ரெண்டையும் கண்ணால பார்க்க முடியாது பாட்டி" என்றாள். ஆறு வருடமாகத் துணை நடுவராகக் கொடி பிடிக்கிறாள். இதை நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆட்டத்தன்று காலை என் பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டாள். உள்ளூர் அணிக்கு நீலம், வந்த அணிக்குச் சிவப்பு. மருமகள் ஆசையாகப் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு, கிழிசல் தைத்த பழுப்பு ஸ்வெட்டரைக் கையில் கொடுத்தாள். நடுவர் வீட்டு ஆட்கள் எந்த அணியின் நிறமும் போடக் கூடாதாம். யாருக்கும் கைதட்டக் கூடாது, யாரோடு வந்தாய் என்று கேட்டாலும் சொல்லக் கூடாது. தொண்ணூறு நிமிடம் வாயை மூடு என்று என்னிடம் சொல்ல உன் அப்பாவுக்கே துணிச்சல் வந்ததில்லை.

கிளம்புமுன் போனில் உனக்கு எழுதினாள். "அப்பா, இன்னைக்குப் பெரிய ஆட்டம்." கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அதற்கு மேலே வரிசையாக, இரண்டு வருடமாக, ஆட்டத்துக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறாள். உன் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை.

இரண்டு வருடம் முன்னால் டிப்போ அணியின் அரையிறுதி அன்று நானும் அங்கேதான் இருந்தேன். நீ பழக்கிய பையன் போட்ட கோலுக்கு இவள் கொடி தூக்கினாள். பந்தை உதைத்தபோதே ஆள் கடைசித் தடுப்பாட்டக்காரனை முந்தி நின்றான், ஆஃப்சைடு, கோல் செல்லாது என்றாள். நீ கோட்டைத் தாண்டி ஓடிவந்து அத்தனை பேர் முன்னால், "என் வாழ்க்கையைக் கெடுத்ததே இந்தக் கொடிதான். இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்றாய். ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. நீ சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்கலாம்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது நீலச் சட்டைக்காரர்கள் கோல் போட்டார்கள். என்னைச் சுற்றி ஒரே நீலம். பக்கத்து இருக்கைத் தாடிக்காரன் என்னைத் தூக்கிக் குலுக்கி இறக்கிவிட்டான். அப்புறம்தான் பார்த்தான், உன் மகள் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் அவளைத் திட்டினார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, தாடிக்காரன் வாய் போன போக்கிலேயே எந்த வார்த்தை என்று தெரிந்தது. அவள் அசையவில்லை. நான் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு நிமிடம் கழித்துப் பெரிய திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள். ஒரு குதிகால் அளவு முந்தி நின்றிருந்தான். அவள் சரி. தாடிக்காரன் தொப்பென்று உட்கார்ந்து எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தான். நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். முதல் பாதியில் பந்து கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. சிவப்புக்காரன் காலில் பட்டுத்தான் வெளியே வந்தது, எறிகிற உரிமையையும் அவர்களுக்கே கொடுத்தாயே, அது தப்புதானே என்றேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஆமா பாட்டி, தப்புதான். ராத்திரியே அறிக்கையில எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். கை நிற்கவில்லை, முகம் மாறவில்லை. நான்தான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

பெரியவனே, இருபத்தெட்டு வருடமாக நான் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

பெரிய அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால் நீ கடைசி நிமிடத்தில் போட்ட கோல். அன்றைக்குக் கோட்டோரம் நின்ற நம் ஊர் மருந்துக்கடைக்காரர் கொடி தூக்கி அதை இல்லை என்று ஆக்கினார். வந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து போனார்கள். நீ தரையில் விழுந்து அழுதாய். நான் தண்ணீர் வாளியோடு அவருக்கு மூன்றடி தள்ளி, கோட்டுக்கு நேராக நின்றிருந்தேன். "என் பிள்ளை சரியாத்தான் நின்னான். இந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அது பொய். நீ முந்தி நின்றாய், குதிகால் அளவெல்லாம் இல்லை, முழுதாக ஓர் எட்டு. உன் இடது காலுறை கணுக்கால்வரை வழிந்து கிடந்தது. அதுவரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

நீ அழுததைப் பார்க்க முடியவில்லை. வேறு காரணம் கிடையாது. ஒரு வாரம் அழுதுவிட்டு நீ அடுத்த தேர்வுக்குப் போயிருப்பாய். நான் உன்னைப் போக விடவில்லை. எவன் கண்ணிலும் நியாயம் இல்லை என்று ஆடுவதையே விட்டாய். இன்றைக்கும் யாரிடம் அந்தக் கதையைச் சொன்னாலும் "எங்க அம்மாவே பார்த்தாங்க" என்றுதான் முடிக்கிறாய். அந்த மனிதர் தெருவில் என்னைப் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்கிறார். நான் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு போகிறேன். இந்த முட்டிவலியோடு இரண்டு தெரு தாண்டிப் போய் வேறு கடையில் மாத்திரை வாங்குகிறேன். திரும்பி வந்ததும் அவர் கடைக்குப் போய் இதைச் சொல்லத்தான் போகிறேன். கூட வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன்.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு. எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். வருடக்கணக்கில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிற வேலை நம் வீட்டில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, உன் கோபத்தை நான் தாங்குவேன். அவள் மேல் மட்டும் வேண்டாம். அவள் உன்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. இந்தக் கடிதமும் அவளுக்குத் தெரியாது, அந்தப் பொய்யும் தெரியாது.

கடிதம் ஆறு நாளில் வந்துவிடும் என்று ஓட்டல்காரி சொல்கிறாள். உன் மகளுக்கு இங்கே இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது. அதை முடித்துக்கொண்டு அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் இறங்குவோம். டாக்சிக்குச் சொல்லிவிடவா என்று கேட்டாள், வேண்டாம் என்றிருக்கிறேன். படகுத்துறைப் படியில் இடித்து அவள் பெட்டியில் ஒரு சக்கரம் போய்விட்டது, இனி இழுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். நீ விமான நிலைய வாசலில் வந்து நின்றால் போதும். பேச வராவிட்டால் பேசாதே. அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொள்.

நீ, உன் பெண்டாட்டி, உன் பெண் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா