சுங்குடிப் புடவை என்று மாட்டிய என் அச்சுப்படங்கள்

அனுப்புநர்:
து. சூடாமணி,
மஹால் பகுதி, மதுரை-1.

பெறுநர்:
சிறப்பு அலுவலர் அவர்கள்,
மறக்கப்பட்ட நவீன ஓவியர்கள் கண்காட்சி,
மதுரை.

பொருள்: அரூப ஓவியங்களைப் புடவை மாதிரிகளாகக் காட்சிக்கு வைத்தது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் செய்த ஏழு அச்சுப்படங்களைத் தங்கள் கண்காட்சியில் "சுங்குடிப் புடவை மாதிரிகள்" என்று அட்டை எழுதி மாட்டியிருக்கிறார்கள். இது தவறு. பெரிய தவறு.

2. அவை 1958 முதல் நானே சரக்குப் பெட்டிப் பலகைகளைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தவை. யாரிடமும் படித்ததில்லை. அவற்றில் மயில் இல்லை, மாங்காய் இல்லை; வட்டம், கோடு, புள்ளி மட்டுமே. புள்ளியைக் கண்ட தங்கள் உதவியாளர், நான் எந்தச் சமூகம் என்று கேட்டார். சௌராஷ்டிரர் என்றேன். அத்தோடு தீர்ந்தது. ஐயா, சுங்குடி எங்கள் சமூகத்தின் தொழில்தான்; ஆனால் துணியில் புள்ளி விழ நூலால் கட்டும் அந்த முடிச்சில் ஒன்றைக்கூட நான் வாழ்நாளில் போட்டதில்லை. என் மாமியார் அந்தக் குறையோடுதான் கண்ணை மூடினார்.

3. ஞாயிறன்று நான் அங்கே இருந்தபோது திருப்பரங்குன்றத்துப் பெண் ஒருவர் காவலர் விருமாண்டியிடம், "அண்ணே, அந்த மஞ்சச் சேலை எம்புட்டு?" என்று கேட்டார். "இது சும்மா மாதிரிதான், சேலையெல்லாம் கடையில இருக்கும்" என்றார் அவர். சற்று நேரத்தில் வாடிப்பட்டி ஆசிரியை அன்னக்கொடி வந்தார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் அட்டையை அவர் படிக்கவில்லை. கறுப்புப் படத்தின் முன் வெகுநேரம் நின்று, "மழைக்கு முந்தி இருட்டிக்கிட்டு வருமே, அப்படி இருக்கும்மா" என்றார். நான் மழையை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் அதைப் படமாகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

4. நான் முறையிட்டபோது தாங்கள் அன்போடு, "சுங்குடிக் கலைஞர்" என்றே இருக்கட்டும், கைவினைஞர் விருதுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றீர்கள். நன்றி. வேண்டாம்.

5. அடுத்த வாரம் படங்கள் டெல்லிக்குப் போகின்றன. இதே அட்டையோடு போனால் அங்கே துணிகளோடு சேர்த்துவிடுவார்கள். என் காலத்துக்குப் பிறகு, இவை புடவை இல்லையென்று சொல்ல யார் வருவார்? ஆகவே:

அ. விருமாண்டி இன்றே அட்டைகளைக் கழற்ற வேண்டும்.

ஆ. உதவியாளர் புது அட்டையில் என் பெயர், ஆண்டு, "மரச்செதுக்கு அச்சு" என்று மட்டும் எழுத வேண்டும். படங்களுக்குத் தலைப்பு இல்லை. அவராக ஒன்று வைக்க வேண்டாம்.

இ. விருதுக்குத் தாங்கள் என் நாத்தனார் சாவித்ரியைப் பரிந்துரைக்க வேண்டும். வீட்டில் சுங்குடி முடிச்சுப் போடுபவர் அவர்தான்.

ஈ. இவற்றில் ஒன்று குறைந்தாலும் படங்களை நானே வந்து கழற்றிக்கொள்வேன். ஏணி மட்டும் தாங்கள் தர வேண்டும்.

நாள்: 14.8.2002
இடம்: மதுரை

இப்படிக்கு,
து. சூடாமணி