மூன்று கீறல் போட்ட மவுத்பீஸ்

மார்ச் 3

நாற்பத்தொரு வருஷம் கழித்து அது என் பட்டறைக்குத் திரும்பி வந்தது.

கொண்டுவந்தவள், அந்தக் காலத்தில் என்னோடு சாக்ஸபோன் ஊதிய நெட்டையனின் மகள். அவளுக்கு என்னைத் தெரியாது. சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் இரண்டை மேஜையில் வைத்தாள். ஒன்று பழசு, இன்னொன்று போன மாதம் அப்பனுக்கு அவள் வாங்கிக்கொடுத்த புதுசு. பன்னிரண்டாம் தேதி அவனுக்குக் கடைசிக் கச்சேரியாம். எது நல்லதென்று பார்த்துச் சொல்ல வேண்டும், பழசில் குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்றாள்.

பழசின் அடியில் மூன்று கீறல். எனக்குப் பெயர் எழுதத் தெரியாது. என் பொருள் எல்லாவற்றிலும் மூன்று கீறல்தான். ரேடியோ குழுவுக்கு ஆள் எடுத்த அன்று காலையில் இது என் பெட்டியிலிருந்து காணாமல் போனது. இரவல் மவுத்பீஸில் ஊதினேன், கீச்சிட்டது. வேலை நெட்டையனுக்குப் போயிற்று. அன்று அவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதும் மருமகள் நிமிர்ந்தாள். "பொத்தானையும் எழுதணுமா மாமா?"

எழுதும்மா.

மார்ச் 4

உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும். பழசின் ஓரம் முடியளவு தேய்ந்தால் கச்சேரியில் கீச்சிடும். அவன் தொலைந்தான்.

மார்ச் 5

இரண்டையும் ஊதிப் பார்த்தேன். புதுசு இயந்திரம் வெட்டியது. நாணல் பட்டை படியும் இரண்டு ஓரமும் ஒரே மட்டம். தொட்டதும் சத்தம் வருகிறது — வெறும் சத்தம். பழசில் அந்த அடிக்குரல் அப்படியே இருக்கிறது. கூடவே காற்றுக் கசிவு. கண்ணாடிமேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடது ஓரம் தாழ்ந்திருந்தது.

யார் தேய்த்தது? நெட்டையனுக்கு உப்புத்தாள் பிடிக்கவே தெரியாதே.

நான்தான். ஆள் எடுப்பதற்கு முந்தின நாள், இன்னும் நன்றாக ஊதட்டும் என்று. அந்தக் காலத்தில் என் கட்டைவிரல் இடப்பக்கமே அழுத்தும். பொத்தானை மறக்காதவன் இதை எப்படி மறந்தேன்?

அப்படியென்றால், இது கையில் இருந்திருந்தாலும் அன்று கீச்சிட்டிருக்குமா?

இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

மார்ச் 6

இருக்கட்டும். திருடியவன் திருடியவன்தான். இந்தக் கோணலுக்கே உதட்டைப் பழக்கியிருக்கிறான். நேராக்கிவிட்டால் அவன் வாய் தடுமாறும். சரிசெய்யத்தானே மகளும் சொன்னாள்?

சரிசெய்தேன். இவ்வளவு சுத்தமான வேலை நான் செய்ததில்லை. மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

மார்ச் 8

மகள் வந்து வாங்கிப்போனாள். நன்றி வேறு சொன்னாள்.

மார்ச் 10

நெட்டையனே வந்தான். கூன் விழுந்திருக்கிறது. நின்றபடியே பழசில் ஊதினான். கீச். மறுபடியும் கீச். நெஞ்சு குளிர்ந்தது — கொஞ்ச நேரம்.

"உன் பட்டறைன்னு தெரிஞ்சுதான் மகளை அனுப்பினேன். நேர்ல வர முகமில்ல" என்றான். ஆள் எடுத்தபோது தன்னுடையதில்தான் ஊதினானாம். என்னுடையதை ஒளித்து மட்டும் வைத்தானாம். பிறகு அதன் குரல்மேல் ஆசை வந்துவிட்டதாம்.

"நீ கோணலாத் தேய்ச்சு வச்சிருந்தே. முதல் வருஷம் உதடு கிழிஞ்சு ரத்தம் வரும். அப்புறம் அந்தக் கோணல்தான்டா என் குரல்னு ஆயிடுச்சு."

பழசை மேஜைமேல் வைத்தான். புதுசில் வாசித்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான்.

மார்ச் 11

காலையில் கண்ணாடியைத் துடைத்து உப்புத்தாளை விரித்தேன். நேராகவே தேய்த்துப் பழகிய கை, கோணலுக்கு மக்கர் பண்ணியது. கட்டைவிரலை இடப்பக்கம் அழுத்தி ஐந்து இழுப்பு. ஊதிப் பார்த்தேன். அதே கசிவு.

மருமகளிடம் கொடுத்து, நெட்டையன் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னேன்.

"என்ன சொல்லிக் கொடுக்கட்டும் மாமா?"

"கச்சேரி முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லு. அது என்னோடது."