பீஞ்சாசர் கோட்டைக்குக் கொடுத்த பிள்ளை

1937 மார்ச் 3

அண்ணன் அஜ்மீரிலிருந்து அனுப்பிய தேதி போட்ட நோட்டு இது. எழுத என்ன இருக்கிறது? ஒட்டகம் கடுகுக் கொல்லையில் வாய் வைத்துவிட்டது. சின்னவன் குமானுக்கு முன்பல் விழுந்தது, ஆறு வயதாயிற்றே. பெரியவன் நாகர் காலையிலிருந்து, "கிழவா, கடலை திங்கிறியா?" என்று அவனை ஓட்டிக்கொண்டிருக்கிறான். கோட்டையில் டாகுர் ஜவான் சிங்குக்குக் காய்ச்சல் இறங்கவில்லையாம். இவர் பார்க்கப் போயிருக்கிறார்.

மார்ச் 11

டாகுர் போய்விட்டார். பதினெட்டு ஊர், நானூறு வருடத்து ஜாகீர், பிள்ளை இல்லை. வாரிசு முடிவாகும்வரை சாவிக்கொத்து மகாராஜாவின் தர்பார் ஆளிடம் இருக்கும். டாகுராணியை எல்லோரும் இன்றிலிருந்து மாஜிசா என்கிறார்கள். விதவையானவளுக்கு அதுதான் பெயர்.

மார்ச் 24

ராவ்ஜி வம்சப் புத்தகத்தோடு வந்தார். அவர் முன்னோர் வழிவழியாக எழுதிய கட்டு. ஒட்டகத்தில் ஏற்றித்தான் கொண்டுவர முடியும். கோட்டை முற்றத்தில் பத்தொன்பது தலைமுறையை வாசித்தாராம். நெருங்கிய கிளை எங்களுடையதுதான். இவருடைய கொள்ளுத்தாத்தா அந்த வீட்டின் இளைய மகன். அன்றிலிருந்து ஒரு கிணறும் இருபது வீடுமாகக் கிடந்தவர்களுக்கு இன்று தரையில் கால் பாவவில்லை.

மூத்த மகனைத் தத்துக் கொடுக்கக் கூடாது. அப்படியானால்?

இவர் மீசையைத் தடவிக்கொண்டே, "பதினெட்டு ஊருக்கு டாகுர் ஆகப் போறான். நீ என்னடான்னா மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிற" என்றார்.

"அவனுக்கு இன்னும் முன்பல்லே முளைக்கலையே."

"கோட்டையில முளைக்கட்டும்."

பொய் எதற்கு? ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. தலைப்பாகையும் வாளுமாக அவனை நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 2

கொடுத்தாயிற்று.

இவர் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். குமானை மாஜிசாவின் மடியில் உட்காரவைத்து வாயில் வெல்லம் வைத்தார்கள். நான் பெண்கள் பக்கத்துக் கல் சாளரத்துக்குப் பின்னால். வெல்லத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாளரம் சாளரமாக என்னைத் தேடினான்.

ராவ்ஜி எங்கள் வரியில் அவன் பெயரை அடித்துவிட்டு, ஜவான் சிங் பெயருக்குக் கீழே எழுதினார். இரண்டு இடத்திலும் இருக்கட்டுமே என்று வேலைக்காரியிடம் சொல்லி அனுப்பினேன். "ஒரு ஆளை ரெண்டு அப்பனுக்குக் கீழ எழுதுனா என் புத்தகத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும், ஹுக்கும்" என்றாராம். வார்த்தைக்கு வார்த்தை "ஹுக்கும்" என்ற மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அதற்கே எல்லோரும் சிரித்தார்கள். இவரும்.

அம்மாவை மாசா என்பான். இனி நான் அவனுக்கு மாசா இல்லை. காக்கிசா. சித்தப்பா பெண்டாட்டி.

ஏப்ரல் 3

பழக்கத்தில் குமானுக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9

நேற்றும் முந்தாநாளும் மூடுவண்டியில் போய் வந்தேன். என்னைக் கண்டதும் கதறுகிறான். திரும்பும்போது வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்று மாஜிசாவின் வேலைக்காரி வந்து நின்றாள். "கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. பிள்ளை பழகணுமில்ல."

பாவி. பெற்றிருந்தால் தெரியும். மலடி — எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

1938 ஏப்ரல் 3

கண்கௌர் பண்டிகைக்குக் கோட்டையிலிருந்து அழைப்பு. பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. குனிந்து வணங்கினான். "காக்கிசா, உங்க வீட்டுச் செவலைக் குதிரை குட்டி போட்டுடுச்சா?"

உங்க வீட்டு.

நல்ல பிள்ளை. நன்றாகத்தான் வளர்க்கிறார்கள்.

1943 ஆகஸ்ட் 19

நாகர். கம்பங்கொல்லையில் பாம்பு. இருபது வயசு. முடியல — என்னால எழுத முடியல.

செப்டம்பர் 14

இவர் கோட்டைக்குப் போய், மாஜிசாவின் திரைக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றி வைத்தாராம். "இருந்த ஒண்ணும் போயிடுச்சு. கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து அழுகை மட்டும் கேட்டதாம். ராவ்ஜிதான் பேசியிருக்கிறார். "தண்ணி வார்த்துக் கொடுத்தது திரும்பாது, ஹுக்கும். இப்ப அவரு உங்களுக்கு மகன் இல்ல, எஜமான்." குமான் பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தானாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அவனால் என்ன செய்ய முடியும்?

வந்ததும் இவர் சுவரோரம் உட்கார்ந்தார். "நான்தானே கொடுத்தேன்" என்றார்.

1944 பிப்ரவரி 6

நாகர் இறந்ததைப் பதிய ராவ்ஜி வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான். அவர் எழுதிவிட்டு உரக்க வாசித்தார்: "உகம் சிங். மனைவி சௌகான் குலம். ஒரே மகன் நாகர் சிங், பாம்பு கடித்து மறைவு. சந்ததி இல்லை."

இரண்டு பெற்றவள் நான்.

"கிளை முடிஞ்சுதுன்னு எழுதட்டுமா, இல்ல யாரையாவது தத்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். எடுக்காவிட்டால் எங்கள் காலத்துக்குப் பிறகு ஊர் கோட்டையோடு சேர்ந்துவிடும். சேரட்டுமே, குமானுக்குத்தானே என்று மனதில் ஓடியது.

பிப்ரவரி 28

பக்கத்து ஊர்ப் பங்காளி ஹேம் சிங்கின் மூன்றாவது மகன். பெயர் சுமேர். ஐந்து வயது.

என்னையும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். "அப்ப எனக்குக் கொள்ளி போட யாரு? சொல்லு, யாரு?" என்று இவர் விம்மி விம்மி அழுதார். இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அனுமதிக் காகிதம் கோட்டையிலிருந்து மாலையிலேயே வந்துவிட்டது. அடியில் குமானின் முத்திரை.

மார்ச் 10

மடியில் உட்காரவைத்தார்கள். எடையே இல்லை. நான்தான் வெல்லம் வைத்தேன். துப்பிவிட்டான்.

மார்ச் 16

சுமேர் எதுவும் தின்பதில்லை. உடம்பு கொதிக்கிறது. அவன் அம்மா தினமும் மூடுவண்டியில் வருகிறாள். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அவள் இருக்கும்வரை இடுப்பை விட்டு இறங்க மாட்டான். அவள் போனால் வாசல்வரை ஓடி, சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறான். நேற்று விரல் நசுங்கியது. இப்படியே விட்டால் பிள்ளை பிழைக்காது என்கிறார் வைத்தியர்.

இன்று காலை அவளிடம் ஆள் அனுப்பினேன். என்ன சொல்லச் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. இதே நோட்டில், ஏழு வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் 9இல் இருக்கிறது.

சாயங்காலம் பையன் அரை ரொட்டி சாப்பிட்டான்.