பார்க்காமல் சொன்ன ஆமா

என் செல்ல ரேவதிக்கு,

உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. நடந்தால் உட்காரத் தோன்றுகிறது. நாலு நாளாக இப்படித்தான் இருக்கிறேன். நீ இருந்திருந்தால், "என்னக்கா, காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆள் இல்லை, அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நம் லேப் அப்படியேதான் இருக்கிறது. புற்றுநோய்க் கட்டியின் துணுக்கு வருகிறது, அதன் மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்க்கிறோம். இருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் ட்ரிப்ஸில் ஏற்றும் மருந்து. உன் இடத்துக்கு வந்திருப்பவள் நல்ல பெண்தான், ஆனால் வாயே திறப்பதில்லை. நீயானால் ஒவ்வொரு குழாயையும் கையில் எடுத்து ஊரும் பேருமாகக் கூப்பிடுவாய். "அன்னவாசல் ராமாயி, மூணாங்குழி." நான் பட்டியலைப் பார்த்து "ஆமா" சொன்ன பிறகுதான் குழாயில் இருப்பதைச் சோதனைத் தட்டில் அந்தக் குழிக்குள் விடுவாய். வெறும் நம்பரைப் படித்தால் போதுமேடி என்றால், "நம்பருன்னா தூக்கம் வருதுக்கா" என்பாய்.

போன வாரம் விராலிமலை நோயாளி ஒருவரின் டாக்டர் போன் செய்தார். "மாத்திரை குடுத்து ரெண்டு மாசமாச்சுங்க, கட்டிக்குக் கொஞ்சமும் கேக்கலை. ஒங்க ரிசல்ட் சரிதானா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரேவதி போட்டது தப்பாகுமா? மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டேதான் அந்தத் தட்டில் இருந்த எல்லோருக்கும் பழைய துணுக்கிலிருந்து மறுபடி செய்து பார்த்தேன்.

இரண்டு பேருடையது இடம் மாறியிருந்தது, ரேவதி. அந்த மாத்திரை போயிருக்க வேண்டியது கந்தர்வக்கோட்டை அடைக்கலத்துக்கு. அவருக்கு இரண்டு மாதமாக ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நீ கடைசியாக வேலைக்கு வந்த நாளில் போட்ட தட்டு அது.

இரண்டு டாக்டர்களுக்கும் அன்றே சொல்லிவிட்டேன், மருந்தை மாற்றிவிட்டார்கள். பாக்கி இருந்தது பிழை அறிக்கை மட்டும். தவறு யாரால், எப்படி என்று எழுத வேண்டும். துறைத்தலைவர் கூப்பிட்டார். "குழாயை விட்டது அந்தப் பொண்ணுதானேம்மா? அப்படியே எழுதிருங்க. செத்துப்போன பிள்ளை வந்து கேக்கவா போகுது?"

நான் தலையை ஆட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன். உன் பெயரைக்கூட எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

அன்றைக்கு, "மண்டை பொளக்குதுக்கா, கண்ணெல்லாம் எரியுது" என்றாய். "இதை முடிச்சிட்டுக் கெளம்புடி" என்றேன். அந்த நேரம் பார்த்து, மகளின் ஸ்கூல் வேன் இன்னும் வரவில்லை என்று போன். காதில் அதை இடுக்கிக்கொண்டு டிரைவரிடம் நான் கத்த, நீ ஒவ்வொரு குழாயாகக் கூப்பிட்டுக்கொண்டே போனாய். நான் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டே போனேன். பட்டியல் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. நடுவில் ஒருதரம் நிறுத்தி, "அக்கா, பாத்துத்தானே சொல்றீங்க?" என்று கேட்டாய். "ஆமாடி, போடு" என்றேன்.

ஐந்தாம் நாள் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டாய். மண்டை பிளக்கிறது என்று நீ சொன்ன அன்றே உன்னை ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்த்திருந்தால்? நாம் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரியில்தானே, பாவி நான்.

நேற்று வார்டுக்குப் போய் அடைக்கலத்தின் மனைவியிடம் ரிசல்ட் இடம் மாறிப்போனதைச் சொன்னேன். மன்னித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு மாசமா அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி தங்கலை. முந்திரித் தோப்பு முச்சூடும் நடந்து சுத்துற மனுசன், கக்கூசுக்குப் போக என் தோளைப் புடிக்கிறாரு. எந்தப் புண்ணியவதிம்மா இந்த வேலையப் பாத்தது?"

"நாந்தாங்க" என்றேன்.

திட்டினார். வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன்.

வந்து பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். குழாயை விட்டது ரேவதி, உடம்பு சரியில்லை என்று சொன்ன பிறகும் அவளை நிறுத்தி வேலை வாங்கியது நான், சரிபார்க்க வேண்டியதும் நான், நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "ஒங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறீங்க" என்றார் துறைத்தலைவர். போட்டால் போட்டதுதான். வேலை இருக்குமா, போகுமா என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அடைக்கலத்துக்கு இனியாவது மாத்திரை கேட்குமா? அடுத்த ஸ்கேன் வரை அதுவும் தெரியாது.

இன்று காலை போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். புதியவளையும் ஊரும் பேருமாகக் கூப்பிடச் சொன்னேன். "திருவரங்குளம் மீனாட்சி, முதல் குழி" என்றாள் கூச்சத்தோடு. பட்டியலில் விரல் வைத்துத் தேடிப் படித்தேன். நேரமானதால் பயந்துவிட்டாள். "தப்பாக்கா?" என்றாள்.

"இல்லைம்மா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

இனி நான் வேலையில் இருக்கிற வரைக்கும் பார்க்காமல் ஆமா சொல்ல மாட்டேன், ரேவதி. இது உனக்குத் தரும் வாக்கு. அன்றைக்கு நீ கேட்டாயே, அதற்கும் இப்போது பதில் சொல்லிவிடுகிறேன்.

இல்லடி. பாக்கலை.

உன்னோடு பிறக்காத
உன் அக்கா