ரியேகோவின் மன்னிப்புக் கடிதம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
4 செப்டம்பர் 1998

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தால் கத்தியிருப்பேன். ருக்மிணி ஆன்ட்டி வீட்டில் மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் இருக்கிறார்கள். இடம் கொடுத்தவர்கள் வீட்டில் நின்று கத்தக் கூடாது. அதனால் எழுதுகிறேன். இனி எழுத்தில்தான் பேச்சு.

இந்தக் கோடையில் நான் மறுபடி மாட்ரிட் கிளம்பும்போது நாம் பேசி வைத்தது என்ன? லீஸ் முடிவதற்குள் நீங்கள் அபார்ட்மென்டைக் காலி பண்ணிவிட்டு சான் ஹோசே போவீர்கள். என் புத்தகங்களும் பெட்டிகளும் ஆன்ட்டி கராஜில் இருக்கும். நான் வந்து இங்கேயே இருந்து தீசிஸை முடித்துவிட்டு உங்களிடம் வருவேன். புத்தகங்கள் இருக்கின்றன. அம்மா கொடுத்த குக்கர்கூட இருக்கிறது. ஒன்பது ஷூ டப்பாக்களைக் காணோம்.

அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். காலண்டர் தாள்கள். வருஷா வருஷம் அம்மா உடுமலை ஜவுளிக்கடைக் காலண்டரை அனுப்புவாள். நான் தினமும் கிழிக்கும் தாளை எறியாமல் பின்பக்கம் குறிப்பு எழுதுவேன். "இங்கே இண்டெக்ஸ் கார்டு கிடைக்காதா, இது என்ன கஞ்சத்தனம்" என்று நீங்களே கிண்டல் பண்ணியிருக்கிறீர்கள். காலேஜிலிருந்து வந்த பழக்கம், விடவில்லை. தொண்ணூற்றாறில் மாட்ரிட்டில் எட்டு மாதம் பென்சிலால் எழுதியதெல்லாம் அதில்தான் இருந்தது. முதல் மூன்று அத்தியாயம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. கடைசி அத்தியாயம், ரியேகோவின் சாவு, முழுக்க அந்தத் தாள்களில்தான்.

எங்கே போட்டீர்கள்?

உங்கள்
மணி


சான் ஹோசே
12 செப்டம்பர் 1998

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் வந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் என் நிலைமையையும் கொஞ்சம் பார். சாமான் ஏற்றும் மூவர்ஸ் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு முதல் நாளே வந்து நின்றார்கள். சமையலறை அப்படியே கிடக்கிறது. டப்பாவைத் திறந்தால் ராகுகாலம், எமகண்டம், மேஷத்துக்குப் பணவரவு. பழைய காலண்டர் என்று நினைத்து, கயிறு கட்டி, ரீசைக்ளிங் வண்டிக்கு வெளியே வைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பழைய காலண்டர் தாளில் டாக்டர் பட்டத்தை எழுதி வைப்பாய் என்று அமெரிக்காவில் எவன் நினைப்பான்? சாரி. நூறு தடவை சாரி.

இங்கே அபார்ட்மென்ட் நன்றாக இருக்கிறது. பால்கனியில் எலுமிச்சைத் தொட்டி வைத்திருக்கிறேன். ஆபீஸ் பத்து நிமிஷ டிரைவ். முக்கியமான விஷயம்: கிரீன் கார்டு இன்டர்வியூ டிசம்பர் 14-க்கு வந்திருக்கிறது. இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். நவம்பருக்குள் வந்துவிடு. அப்பாவும் போனில் நீ எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

அந்த ரியேகோ செத்து நூற்றெழுபத்தைந்து வருஷம் ஆகிறது. அவசரம் ஒன்றுமில்லை. மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்
சபரி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
21 செப்டம்பர் 1998

சபரிக்கு,

நேற்று ருக்மிணி ஆன்ட்டி முறுக்குப் பிழிந்துகொண்டே, ஒன்றும் தெரியாமல், ஒரு விஷயம் சொன்னார். ஜூலையில் உங்களுக்குச் சாப்பாடு கொடுக்க இரண்டு நாள் வந்தாராம். "பாவம் சபரி, ஃபர்னிச்சரையெல்லாம் வித்துட்டு, கார்பெட்ல உக்காந்து உன் காலண்டர் பேப்பரை ஒண்ணொண்ணா எடுத்துப் படிச்சிட்டிருந்தார். மிஸ் பண்றார் போலன்னு நெனச்சேன்." மூவர்ஸ் வருவதற்கு முந்தின வாரம் அது.

டப்பா மூடி ஒவ்வொன்றிலும் பட்டையான மார்க்கரில் எழுதியிருந்தேன்: காடிஸ் 1812, காடிஸ் 1820, மாட்ரிட் 1823. உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். ரியேகோ ஸ்பெயின் ராணுவத்தில் ஒரு அதிகாரி. அமெரிக்கக் கண்டத்தில் சுதந்திரம் கேட்டவர்களை அடக்கக் கப்பலேறக் காத்திருந்த படையில் இருந்தான். 1820 ஜனவரி ஒன்றாம் தேதி, கப்பலேறாமல், ஒரு சின்ன ஊரில் படையை நிறுத்தி, 1812-ல் காடிஸில் எழுதி, ராஜா ரத்து செய்திருந்த அரசியல் சட்டத்தை மறுபடி பிரகடனம் செய்தான். ராஜா பயந்துபோய், சட்டத்தின் வழியில் முதல் ஆளாக நானே நடப்பேன் என்றான். மூன்று வருஷம் கழித்து பிரெஞ்சுப் படை வந்து கைகொடுத்ததும், சட்டத்தைக் கிழித்தான், ரியேகோவைத் தூக்கில் போட்டான். சாவதற்கு முன்னால் ரியேகோ எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதியதாக ஒரு கடிதம் அரசாங்கப் பத்திரிகையில் வந்தது. அது அவன் எழுதியதே இல்லை என்று சிலர், பயத்தில் எழுதினான் என்று சிலர். என் கடைசி அத்தியாயம் அந்தக் கடிதத்தைப் பற்றியது.

நம் கல்யாணத்துக்கு முன்னால், பொள்ளாச்சியில், எங்கள் அப்பா எதிரில் நீங்கள் சொன்னீர்கள்: "அவங்க படிப்புக்கு நான் எப்பவும் குறுக்க நிக்க மாட்டேனுங்க." அப்பாவுக்குக் கண் கலங்கியது.

ஒரே ஒரு கேள்வி. தாள்களைப் படித்தீர்களா, இல்லையா?

நாகமணி


சான் ஹோசே
5 அக்டோபர் 1998

மணி,

போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோல் கேட்கிறாய். ஆன்ட்டிக்கு எல்லோரும் பாவம்தான். ஒன்றிரண்டு தாளைப் புரட்டிப் பார்த்திருப்பேன். ஸ்பானிஷ் பேர்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை. படிக்கவில்லை. சத்தியமாக.

நீ கேட்டுவிட்டாய், நானும் கேட்கிறேன். தொண்ணூற்றாறில் எட்டு மாதம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆன பெண், செத்துப்போன சிப்பாய்களைத் தேடி ஸ்பெயினில் எட்டு மாதம். கோயிலில் ஒவ்வொருத்தரும் "வொய்ஃப் எங்கே, வொய்ஃப் எங்கே" என்று கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால், ஒரு மாதிரி தலையாட்டிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் சாதம் போடுகிறார்கள். நான் தனியாக ஃப்ரோஸன் சப்பாத்தியைச் சுட்டுத் தின்றது உன் எந்த அத்தியாயத்தில் வருகிறது?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. ஒரே மருமகள். ஊர் முழுக்கக் கேட்டது. அவர் கேட்டது என்ன, தலையையா? ஒரு கடிதம். "படிச்ச புள்ளைதானே, தப்புன்னு ஒரு காயிதம் எழுதிப்போட்டா என்ன கொறஞ்சு போகுது" என்றார். நான் போனில் சொன்னேன், நீ எழுதினாய், முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து இன்னும் அதையே மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

டிக்கெட் போடட்டுமா? தேதி சொல்.

சபரி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
19 அக்டோபர் 1998

சபரிக்கு,

மாமாவுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தைப் பற்றிப் போன கடிதத்தில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீங்களாகவே எடுத்தீர்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். தாள்களைப் படிக்காமல் அது இப்போது எப்படி நினைவுக்கு வந்தது?

முடிந்தது என்கிறீர்கள். எப்படி முடிந்தது என்று நான் சொல்கிறேன். நான் அமெரிக்கா திரும்ப, விசா ஸ்டாம்பிங்குக்கு உங்கள் அப்ரூவல் பேப்பர் வேண்டும் என்று மாட்ரிட்டிலிருந்து நான்கு தடவை போன் பண்ணினேன். ஆபீஸில் இருக்கிறது, நாளைக்கு, ஃபாக்ஸ் மெஷின் ரிப்பேர். கடைசியில் சொன்னீர்கள்: "அப்பாவுக்கு லெட்டர் எழுதிடு மணி, பேப்பர் அன்னைக்கே வந்துரும்." நீங்கள் சொல்லச் சொல்ல, ஒரு கையில் போனும் ஒரு கையில் பேனாவுமாக, "அறியாமையால் செய்த பெரும்பிழை" என்று எழுதினேன். அது உடுமலை போய்ச் சேர்ந்த பிறகுதான் ஃபாக்ஸ் வந்தது. உங்கள் மெஷின் நல்ல மெஷின்.

மாமா அதைப் பீரோவில் வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரைக் கூப்பிட்டு, பந்திக்கு முன்னால், மைக் வைத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தது உங்கள் சித்தப்பா திருமூர்த்தி. முன் வரிசையில் எங்கள் அப்பா. கடிதம் முடிந்ததும் இலை போட்டார்கள். அப்பா சாப்பிடாமல் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். இதை அவர் என்னிடம் இன்று வரை சொல்லவில்லை. வாசிக்கப்போகிற நாளும், பிறகு நடந்ததும் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ரியேகோ அதை எழுதியிருப்பானா என்று என் ப்ரொஃபஸர் கேட்டபோதெல்லாம், எழுதியிருப்பான் என்றேன். எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய் என்றார்.

தாள்களைப் படித்தீர்களா? இந்தத் தடவை சத்தியம் வேண்டாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அது வரும்வரை டிக்கெட் வேண்டாம்.

நாகமணி


சான் ஹோசே
2 நவம்பர் 1998

மணி,

படித்தேன்.

முதலில் சும்மாதான் எடுத்தேன். டிவி பேக் பண்ணியாகிவிட்டது, வேறு வேலை இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆயிற்று என்றுகூடத் தோன்றியது. இரண்டு சாயந்திரம் படித்தேன். உண்மையில் நன்றாக இருந்தது. அந்த ஆள் ஊர் ஊராகப் படையோடு நடந்தது, சேர யாருமே வராதது எல்லாம். பிறகு ஒன்பதாவது டப்பாவில் இந்தத் தாள் வந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீயே படி. உன் ஆராய்ச்சிக் குறிப்புக்கு நடுவில் என் பேர். ராஜா, ஜெயிலர், கயிறு, அதோடு சபரி. நாளைக்கு உன் ப்ரொஃபஸர் யாரையாவது வைத்து இதைப் படிக்கச் சொன்னால்? உன் தீசிஸ் லைப்ரரியில் ஏறினால்? என் வீட்டில், என் சம்பளத்தில் இருந்துகொண்டு என்னையே வில்லனாக எழுதி டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறாய். அன்றைக்கு ரத்தம் கொதித்தது. அத்தனையையும் கட்டி வெளியே வைத்தேன். லாரி வந்து எடுக்கும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். போதுமா?

இந்த ஒரு தாளை மட்டும் ஏன் எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கேட்டபடி எழுதிவிட்டேன். நீயும் ஒரு காரியம் செய். இன்டர்வியூவுக்கு வா. நீ வராவிட்டால் உன் பேப்பர்தான் போகும், என்னுடையது போகாது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். நமக்குள் இருக்கட்டும்.

சபரிநாதன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
7 நவம்பர் 1998

சபரிநாதனுக்கு,

தாள் வந்தது. முன்பக்கம்: 1996 நவம்பர் 3, தாது வருடம், ஐப்பசி 18, ஞாயிறு. ராகுகாலம் நாலரை முதல் ஆறு. பின்பக்கம் என் பென்சில்: "இன்று ஆர்க்கைவ் விடுமுறை. இந்நேரம் உடுமலையில் என் கடிதத்தை வாசித்து முடித்திருப்பார்கள். ரியேகோ எழுதினானா? எழுதியிருப்பான். நானும் எழுதினேன், சபரி சொல்லச் சொல்ல. எழுதியது யார் என்று ஏன் கேட்கிறார்கள்? பக்கத்தில் நின்றது யார் என்று கேட்க வேண்டும்."

இதில் வில்லன் என்று எங்கே இருக்கிறது? நடந்தது இருக்கிறது. அதைத்தான் நீங்கள் லாரியில் ஏற்றினீர்கள்.

நான் அழுதேன், மறைக்கவில்லை. ரியேகோ கதை நன்றாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில். நான்கு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன். நான் எழுதியதையெல்லாம் லாரியில் ஏற்றிய கையோடு சொல்கிறீர்கள். உங்கள் தனிமை எனக்குப் புரியாமல் இல்லை. சப்பாத்தி சுட்டது உண்மை, கோயிலில் பேசியது உண்மை. அதற்கு என்னிடம் கத்தியிருக்கலாம். நான் வீடு திரும்பும் காகிதத்தைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

இப்போதும் அதையேதான் செய்கிறீர்கள். வராவிட்டால் பேப்பர் போகும் என்கிறீர்கள். போகட்டும். யுனிவர்சிட்டியில் ஸ்டூடண்ட் விசாவுக்கு அப்ளை பண்ணிவிட்டேன். டிசம்பர் 14 நான் சான் ஹோசேயில் இருக்க மாட்டேன். அடுத்த கோடையில் மறுபடி மாட்ரிட் போகிறேன், கடைசி அத்தியாயத்துக்கு முதலிலிருந்து குறிப்பெடுக்க. ப்ரொஃபஸர் ஒரு வருஷம் அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்த வருஷக் காலண்டர் ஆன்ட்டி வீட்டுச் சமையலறையில் தொங்குகிறது. கிழிக்கும் தாளை எனக்கு எடுத்து வைக்கிறார்.

அசல் தாளை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஜெராக்ஸ்.

ரியேகோவைத் தூக்கில் போட்டது 1823-ல் இதே நவம்பர் ஏழு. எழுதியதை மாற்றிச் சொல்ல அவனுக்கு நேரம் தரவில்லை. எனக்கு இருக்கிறது. கீழே உள்ளதை இன்று தனியாக மாமாவுக்கும் போஸ்ட் பண்ணியிருக்கிறேன். நமக்குள் இருக்கட்டும் என்கிறீர்கள். அது மைக்கில் வாசித்த விஷயம், நமக்குள் இருந்ததே இல்லை. அதே நாற்பது பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். திருமூர்த்தி சித்தப்பா குரல் நன்றாக இருக்கும், அவரே வாசிக்கட்டும். எங்கள் அப்பாவையும் கூப்பிடட்டும். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

சபையில் உள்ள பெரியவர்களுக்கு: 1996 அக்டோபரில் மாட்ரிட்டிலிருந்து நான் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தை வாபஸ் வாங்குகிறேன். மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வர முடியாததில் எனக்கு வருத்தம் உண்டு. படிக்கப் போனது பிழை இல்லை. அந்தக் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது, வார்த்தைகள் என் கணவருடையவை. "நான் போனில் சொன்னேன், நீ எழுதினாய்" என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

பொ. நாகமணி