ரோஜா நிறமாக்கிய குழந்தை

மார்ச் 3, ஓஷ் நகரம்

பிறந்து நாலு நாளான ஆண் குழந்தை. பெயர் எர்ஸாத். நாற்பது நாள் முடியாமல் அந்நியக் கண் படக்கூடாது என்று அவன் அப்பாவைப் பெற்றவள் உர்குயா வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டாள். படம் எடுக்க என்னை வரவழைத்தவன் அவள் மகன் மெதெர், குழந்தையின் அப்பா. "சுருண்டு தூங்குற படம் இப்ப எடுத்தாத்தாம்மா உண்டு. நாப்பது நாள் போனா காலை உதைப்பான்" என்று கெஞ்சினான். கடைசியில் கண்ணேறு கழிக்கும் அட்ராஷ்மன் செடியைச் சட்டியில் கொளுத்தி என் தலையைச் சுற்றிப் புகை போட்டுத்தான் உள்ளே விட்டாள். கேமராவுக்கும் போட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

குழந்தையின் தாய் ஜிபாருக்கு இருபது வயதுதான் இருக்கும். போர்வை எடுத்துவரத் தாமதமாயிற்று என்று மெதெர் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். என் கண் முன்னாலேயே. அவள் மறு கையால் போர்வையை விரித்தாள். நானோ வாயைப் பொத்திக்கொண்டு விளக்கைச் சரிசெய்தேன் — சீ! குழந்தை மட்டும் அசையாமல் தூங்கியது. இவ்வளவு சுலபமாக எந்தக் குழந்தையும் எனக்கு வளைந்து கொடுத்ததில்லை.

மார்ச் 4

படங்களைத் திருத்தினேன். குழந்தை முழுக்க மஞ்சள். அந்த வீட்டு மஞ்சள் திரைச்சீலையைத் திட்டிக்கொண்டே தோலை மட்டும் ரோஜா நிறத்துக்குக் கொண்டுவந்தேன். உர்குயா சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாளாம். கண்ணேறு இப்போது எங்கே போயிற்றோ!

மார்ச் 5

ஜிபார் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, இவன் பாலே குடிக்காம தூங்கிட்டிருக்கான். மத்த பிள்ளைங்களும் இப்படித்தானா?" கொடுத்துவைத்தவள் நீ, நீயும் கொஞ்சம் தூங்கு என்று பதில் போட்டேன்.

மார்ச் 7

இடது கையால் எழுதுகிறேன்.

ஆல்பத்துக்காகத் திருத்தாத படத்தைத் திறந்தேன். குழந்தைக்கு அடியில் விரித்த துணி வெள்ளைவெளேர் என்று இருந்தது. திரைச்சீலையின் நிறம் என்றால் துணியும்தானே மஞ்சளாக வேண்டும்? பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி திறந்த கண்ணில் விழியின் வெள்ளையும் மஞ்சள்.  காமாலைடி, மடச்சி! ஆறு வருஷமா பச்சப்பிள்ளைங்களையே படம் புடிக்கிற, கண்ணு எங்க போச்சு உனக்கு?

மெதெர் போனை எடுக்கவில்லை. ஓடினேன். குழந்தை கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு கீச்சென்று அழுதுகொண்டிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். உர்குயா தன் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

"நீ எடுத்த படம்தானே இது? செக்கச்செவேல்னு இருக்கான் பாரு. உன் கண்ணு பட்டப்புறம்தான் என் பேரனுக்கு இப்படி!"

"அது பொய்யி! நிறத்தை நான் மாத்தினேன், அத்தை. இதோ அசல்—"

"இப்ப மஞ்சளைப் பூசி எடுத்துட்டு வந்து அசலுங்கிறியா? வெளிய போடி!"

நான் நகரவில்லை. மெதெர் அறைந்தான். சுவரில் மோதி விழுந்தேன். வாய் நிறைய ரத்தம். விடுவேனா? அடுப்பு கிளறும் இரும்புக் கம்பி கைக்கு அகப்பட்டது. அவன் முழங்காலில் ஒரு போடு போட்டேன், அலறிக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குள் ஜிபார் குழந்தையைத் துணியோடு வாரிக்கொண்டு ஓடினாள். "நாப்பது நாள் ஆகாம வெளிய தூக்கிட்டுப் போவியா?" என்று உர்குயா அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். ஒரு கொத்து முடி பிய்ந்து கிழவி கையோடு வந்தது. ஜிபார் நிற்கவில்லை.

நான் வந்த டாக்சி வாசலிலேயே நின்றது; ஜிபார் பின்னால் நானும் ஏறிக் கதவைச் சாத்தப் போனேன். மெதெர் நொண்டிக்கொண்டே வந்து கதவை எட்டி உதைத்தான். என் வலது கை நடுவில் இருந்தது. டாக்சிக்காரன் அவன் வம்சத்தையே திட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

மார்ச் 8

மகளிர் தினம். ஆஸ்பத்திரியில் திரும்பின பக்கமெல்லாம் டூலிப் பூ. எனக்கு இரண்டு விரல் முறிந்திருக்கிறது, ஒரு பல் போய்விட்டது. குழந்தைக்கு ரத்தத்தையே மாற்றினார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். "உசுரு தப்பிச்சுட்டான். மஞ்சள் மூளை வரைக்கும் ஏறியிருந்துச்சு. ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்றார் டாக்டரம்மா. 

ரெண்டு நாள் முன்னாடி நான் என்ன சொன்னேன்? தூங்குன்னு சொன்னேன்.

மார்ச் 9

ஜிபாரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். நாலாம் தேதியே மஞ்சளைப் பார்த்ததை, நானே அழித்ததை.

"நிறத்தை மாத்தினேன்னு அன்னிக்கு நீங்க கத்தினது... அவங்களைக் கிளப்பறதுக்காகச் சொன்ன பொய்னு நெனச்சேன்க்கா" என்றாள். அப்புறம் ஓங்கி அறைந்தாள். மறு கன்னத்திலும். "தூங்கச் சொன்னீங்களேக்கா! நானும் தூங்கினேனே!" என்று அடித்துக்கொண்டே அழுதாள். நர்ஸ் வந்துதான் பிரித்தாள். தடுக்க எனக்குக் கை எழவில்லை.

மார்ச் 15

மெதெர் வந்து என் வீட்டு ஜன்னல் மூன்றையும் கல்லால் உடைத்துவிட்டுப் போனான். போலீஸ்காரர் "குடும்ப விஷயம்மா, பேசித் தீத்துக்குங்க" என்கிறார். என் ஜன்னல் எப்போது அவன் குடும்பமாயிற்று?

ஏப்ரல் 8

இன்று நாற்பதாம் நாள். நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டியிருப்பார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களா?

ஜூலை 19

நேற்று ஜிபார் போன் செய்தாள். புருஷனை விட்டுவிட்டு உஸ்கெனில் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். "எர்ஸாத்துக்கு ஒரு படம் எடுக்கணும்க்கா, வாங்க." அவ்வளவுதான். நான் வேறொன்றும் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

இன்று போனேன். கொழுகொழுவென்று மெத்தையில் குப்புறக் கிடந்தான். எச்சில் வழிய, காற்றில் ஆடும் கொடித்துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நிறம், நல்ல எடை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு விரலைச் சொடுக்கினேன். திரும்பவில்லை. "எர்ஸாத்! டேய் சிங்கக்குட்டி!" என்று கூப்பிட்டேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பலமாகத் தட்டினேன், ஒட்டவைத்த விரல்கள் விண்ணென்று தெறித்தன. துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜிபார் தேநீர்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்தாள்.

"தட்டாதீங்கக்கா. கையை ஆட்டுங்க, பார்ப்பான்."

ஆட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.