மறந்துபோன தகடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பட்டறையில் ஒரு தப்பு செய்துவிட்டேன். பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். பந்தயக் கார் சீறிக் கிளம்பினால் கியர்பாக்ஸ் ஆயில் மொத்தமும் பின்பக்கம் ஓடிவிடும். அதைத் தடுக்கும் தகட்டைப் பூட்ட மறந்துவிட்டேன். ஓட்டத்தில் முன் பேரிங் ஆயில் இல்லாமல் காய்ந்து இறுகிவிட்டது. "முரட்டுத்தனமா ஓட்டி உடைச்சிட்டே" என்று முதலாளி டிரைவர் அண்ணனை வேலையை விட்டே அனுப்பினார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், "தப்பு என்னோடது" என்று முதலாளியிடம் தகட்டை நீட்டினேன்.

"அன்னிக்கே சொல்ல வாயில்லையா?" என்ற முதலாளி, அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். இப்போது நான் பூட்டும் ஒவ்வொரு கியர்பாக்ஸையும் மூடுமுன் அண்ணனே குனிந்து தகட்டைத் தேடுகிறார். நான் டார்ச் பிடிக்கிறேன்.

மதியம் சாப்பிடும் நேரத்தில் போன் செய்யுங்கள். இப்போதெல்லாம் சாப்பிடும்போது என் எதிரே யாரும் உட்காருவதில்லை. முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகன்